செருப்பை விட்ட பக்கம்

மலை நடைக்கான வழிகாட்டிப் புத்தகம் ஒன்றுக்குப் புதிய பதிப்பு வரப்போகிறது, அதில் வாசகர்களின் ஆசைகளை ஒரு கூட்டம் வைத்து அறிய விரும்புகிறோம் என்று பதிப்பகத்திலிருந்து எனக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. ஆசைகள்! கோச்சடையில் எங்கள் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கையிலிருந்த ஈரச் சேலையை நான் முறுக்கிய முறுக்கில் அது கிழியாமல் போனது ஆச்சரியம். எனக்கு ஆசை ஒன்றும் இல்லை ஐயா. எனக்கு ஒரு வரி வேண்டும். அது உங்கள் புத்தகத்தில் இல்லாததால் என் மதினியின் வலது காலில் சுண்டுவிரல் இல்லை.

மதினி என் அண்ணன் மனைவி. வில்லாபுரத்தில் இருக்கிறார். சர்க்கரை வந்த பிறகு டாக்டர் தினமும் நடக்கச் சொல்லிவிட்டார். கொஞ்ச நாள் தெப்பக்குளத்தைச் சுற்றினார். பிறகு ஒருநாள் என்னிடம், "ஒரே கொளத்த எம்புட்டுத் தடவதான்டி சுத்துறது? அந்த மீனுக்கே என் மூஞ்சி சலிச்சுப்போச்சு. நீ போற மலைக்கு நானும் வாரேன்" என்றார். நாகமலையில் தொடங்கினோம். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் எனக்கு முன்னால் ஏறி நின்றுகொண்டு, "கவிதை எழுதுறவளுக்கு மூச்சு வாங்குதாக்கும்" என்று கேலி செய்கிற அளவுக்கு ஆகிவிட்டார்.

அந்தப் புத்தகத்தை வாங்கியது நான்தான். அழகாக எழுதப்பட்ட புத்தகம். அதுதான் அதன் வியாதி. எழுமலைக்கு அப்பால் ஒரு மலையைப் பற்றி அதில் நாலு பக்கம் இருந்தது. விடிகிற கதிரோடு கிழக்கே ஏறி, உச்சியில் நண்பகலை ஆற அமரக் கழித்து, பொன்வெயிலில் மேற்கே இறங்கச் சொல்லியிருந்தது. பொன்வெயில் என்ற சொல்லை நானே எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். கவிதைக்குள் அது யாரையும் சுடுவதில்லை.

மாசி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் பஸ்ஸைப் பிடித்து, எழுமலையில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் கிழக்கு அடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு புளியமரம், அதன் கீழே மஞ்சள் பூசிய எல்லைக்கல், கல்லுக்கு முன்னால் ஏழெட்டு ஜோடிச் செருப்புகள். பக்கத்தில் டீக்கடை போட்டிருந்த அம்மா அடுப்பிலிருந்து நிமிராமலே சொன்னார்: "செருப்ப இங்கன விட்டுட்டுப் போங்கத்தா. சாமி மலை."

மதினியின் செருப்பு சாதாரணச் செருப்பு இல்லை. சர்க்கரைக்காரர்களுக்கென்று மெத்தென்று செய்து விற்கிறார்களே, அது. வீட்டுக்குள்கூட அதைக் கழற்றக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. நான் தயங்கினேன்.

"சாமிகிட்டப் போயி டாக்டர் சீட்டக் காட்டச் சொல்றியா?" என்று கழற்றி, மற்ற செருப்புகளோடு வரிசையாக வைத்தார். நானும் விட்டேன்; மேற்கே இறங்கியபின் ஆட்டோ பிடித்து வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தோம்.

ஏறுவது ஆனந்தமாகத்தான் இருந்தது. பாறை இரவின் குளிர்ச்சியைக் கைவிடாமல் வைத்திருந்தது. கீழே வயல்களும் காய்ந்த கண்மாயும் தென்னந்தோப்புகளும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. உச்சியில் புளிச்சோறு தின்றோம். புத்தகம் சொன்னபடி நண்பகலைக் கழித்தோம். புத்தகம் சொன்னபடி மேற்கே திரும்பினோம்.

மேற்குச் சரிவு முழுக்க மொட்டைப் பாறை. நிழலுக்கு ஒரு செடி கிடையாது. உச்சி தாண்டிய வெயில் அதன் மேல் நேராக விழுந்துகொண்டிருந்தது. முதல் அடியிலேயே எனக்கு உயிர் போனது. துப்பட்டாவைக் கிழித்துக் காலில் கட்டிக்கொண்டு, துள்ளி, உட்கார்ந்து, மறுபடி துள்ளி இறங்கினேன். மதினி நிதானமாக நடந்தார், கல்யாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி.

"என்னடி, கரகாட்டம் ஆடுற?"

"சுடலையா மதினி?"

"வெதுவெதுன்னுதான் இருக்கு. உனக்குத்தான் பூப்பாதம்."

வெதுவெது. காலில் கொஞ்சம் மரத்துப்போன மாதிரி இருக்கிறது என்று எப்போதோ சொல்லியிருந்தார். எவ்வளவு மரத்திருந்தது என்பது அவருக்கே தெரியாது.

மேற்கு அடிவாரத்துக்கு வந்தால், அங்கே ஆடு மேய்க்கிறவரும் விறகு எடுக்கிறவர்களும் செருப்போடு மலையில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எங்களை மேலும் கீழும் பார்த்து, "ஏன்த்தா வெறுங்கால்ல வாரீங்க? எங்க பக்கம் அப்பிடி வழக்கம் இல்லையே" என்றார். பஸ் நிறுத்தத்தின் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தபோதுதான் மதினி தான் நடந்து வந்த தடத்தைத் திரும்பிப் பார்த்தார். "யாருடி இங்க தண்ணி ஊத்துனது?" என்று கேட்டார். யாரும் ஊற்றவில்லை. குனிந்து அவர் பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்காலின் தோல் உரித்த மாதிரி மடிந்து தொங்கியது.

ஆஸ்பத்திரியில் பாதத்தைக் காப்பாற்றினார்கள். சுண்டுவிரலைக் காப்பாற்ற முடியவில்லை.

ஆகவே, ஆசைகளை அறியும் கூட்டத்துக்கு நாங்கள் இருவருமே போனோம். ஒரு மாடி அறை. நீள மேசை. அதன் மேல் பழைய பதிப்பும் புதியதன் அச்சுப்படிகளும். பதிப்பகத்து இளைஞர் ஒருவர் உற்சாகமாகப் பேசினார்: கியூஆர் கோடு, டிரோன் படம், ரீல்ஸ் எடுக்கத் தோதான பாறைகளுக்குத் தனிக் குறி. எங்களைப் போல வந்திருந்த மலை நடைக்காரர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள்.

"தம்பி, வற்றாத சுனைன்னு போட்டிருக்கீங்க. பங்குனியில போனேன், அதுக்குள்ள ஒரு ஓணான் குடும்பம் நடத்துது."

"பொம்பளைங்க ஒதுங்க எங்க மறைவு இருக்குன்னு ஒரு பக்கத்துலயாவது இருக்கா?"

"மாப்ள, எந்த எடத்துல சிக்னல் போகும்னு போடச் சொல்லுடா. போன வாரம் எங்கம்மா என்னயக் காணோம்னு ஸ்டேஷனுக்கே போயிருச்சு."

யாரும் சூரியோதயம் கேட்கவில்லை. யாரும் மேகம் கேட்கவில்லை. தண்ணீர், மறைவு, கடைசி பஸ், இறங்கும் வழி. நடக்கிறவனுக்கு வேண்டியதெல்லாம் உடம்போடு வீடு திரும்புவது. கண்ணுக்கு வேண்டியதைக் கண் தானே பார்த்துக்கொள்ளும். அதற்கு முன்கூட்டியே உரை எழுத வேண்டாம். கவிதை எழுத எங்களைப் போல நிறையப் பேர் வேலையில்லாமல் இருக்கிறோம். நீ வழியை எழுது.

புத்தகம் எழுதியவரும் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, சாந்தமான முகம். நான் எழுந்து, அந்த மலையைச் சொல்லி, "கிழக்கே ஏறியபோது நீங்கள் செருப்பை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் மேக்கால ஏறி மேக்காலயே எறங்கிட்டேம்மா. காலையிலயே. உச்சியிலருந்து பாத்தா கெழக்குப் பாதையும் நல்லாவே தெரிஞ்சுச்சு. படிக்கிறவங்களுக்குச் சூரியோதயம் கெடைக்கட்டுமேன்னு… திருப்பி எழுதுனேன்."

திருப்பி எழுதினாராம். எழுத்தைத் திருப்பிப் போடலாம், நானும் போடுவேன், அதில்தான் என் பிழைப்பு. ஆனால் மலையைத் திருப்பிப் போட்டால் வெயிலும் கூடவே பக்கம் மாறிக்கொள்ளுமா? தான் காலையில் நிழலில் இறங்கிய பாறையில், தான் செருப்போடு இறங்கிய பாறையில், மற்றவர்களை மதியத்துக்கு மேல் வெறுங்காலோடு இறக்கிவிட்டு, அதற்குப் பொன் என்று பெயரும் வைத்திருக்கிறார். என்ன பேசினேன் என்பது முழுசாக நினைவில்லை, மரியாதையாகப் பேசவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

மதினிதான் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "அண்ணே, மேச மேல புத்தகம் இருக்கு, அதுக்கு நேரா நான் காலத் தூக்கிக் காட்டக் கூடாது. நீங்க கொஞ்சம் குனிஞ்சு பாருங்க" என்று செருப்பைக் கழற்றினார்.

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு மேசைக்கு அடியில் குனிந்தார். நிமிர வெகுநேரம் ஆனது. முகம் சிவந்திருந்தது.

பதில் சொன்னது அந்த இளைஞர்தான். "அக்கா, உங்க வலி புரியுது. ஆனா செருப்பு, சாமின்னு எழுதுனா பிரச்சனை ஆயிரும். அந்த ஊர்க்காரங்க மனசு புண்படும். நம்பிக்கை விஷயம் பாருங்க."

"அந்த ஊர்க்காரங்களக் கேட்டீங்களா?" என்றேன்.

கேட்கவில்லை. ஏறவும் இல்லை, கேட்கவும் இல்லை. எழுத மட்டும் செய்கிறார்கள்.

அடுத்த ஞாயிறே போனோம். மதினி புதிய செருப்போடு. புளியமரம், எல்லைக்கல், அதே டீக்கடை. அந்த அம்மா எங்களைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"செருப்ப விட்டுட்டுப் போனவுக நீங்கதான?" உள்ளே போய்க் கூரைக் கழியில் செருகியிருந்த ஒரு பையை எடுத்து வந்து எங்கள் முன்னால் போட்டார். மதினியின் பழைய மெத்தைச் செருப்பு. என்னுடையதும்.

மதினி சந்தோஷமாகக் கையை நீட்டினார். அந்த அம்மா விடவில்லை.

"பொழுது சாஞ்சும் இங்கன செருப்புக் கெடந்தா ஆளு இன்னும் மேல இருக்குன்னு அர்த்தம். எங்க ஊருல அதான் கணக்கு. ரெண்டு பொம்பள செருப்புக் கெடக்குன்னு அன்னைக்கு எங்க ஆம்பளைக அம்புட்டுப் பேரும் டார்ச்ச எடுத்துக்கிட்டு ஏறுனாய்ங்க. எம்மவனுக்கு முழங்கா பேந்துருச்சு. நீங்க சொகமா அங்குட்டு எறங்கிப் போயிட்டீங்களாக்கும்?"

சுகமாக! மதினி செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினார். அந்த அம்மா பார்த்தார். கோபம் அப்படியே இருந்தது, முகம் மட்டும் வேறு பக்கம் திரும்பியது.

"அங்குட்டு எறங்குவோம்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? சாமி எல்ல உச்சியோட முடிஞ்சுச்சு. பையில கொண்டு போயி, உச்சி தாண்டிப் போட்டுக்கிட வேண்டியதுதான? எவன் உங்கள இந்த வழியில போகச் சொன்னது?"

"ஒரு புத்தகம்" என்றேன்.

"அதுல இத எழுதச் சொல்லு. கொட்ட எழுத்துல எழுதச் சொல்லு. மனசு புண்படுமாம்ல!"

கீழே நின்றபடியே அந்த இளைஞருக்குப் போன் போட்டு அந்த அம்மாவிடம் கொடுத்தேன். அவர் பேசியதை இங்கே எழுத முடியாது. ஆனால் அதற்குப் பிறகு நம்பிக்கை விஷயம் என்ற பேச்சு எழவில்லை.

போன வாரம் எழுத்தாளரே என்னை அழைத்தார். நான் வில்லாபுரத்தில் மதினி வீட்டில் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டேன். புதிய பக்கத்தை வாசித்தார். முதலில் பொன்வெயில் வந்தது. எடுங்கள் என்றேன். மண்ணின் வெம்மை என்று ஏதோ வந்தது. அதையும் எடுங்கள் என்றேன். "கொஞ்சம் வறட்சியா இருக்காதாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். இருக்கட்டும் என்றேன். கடைசியில் மிஞ்சியதை வாசித்தார்.

கிழக்கே ஏறி மேற்கே இறங்குபவர்கள் செருப்பைப் பையில் எடுத்துச் செல்லவும், அடிவாரத்தில் விட்டுப் போனால் ஊரார் தேடுவார்கள். உச்சி தாண்டியதும் அணிந்துகொள்ளவும். மதியத்துக்கு மேல் மேற்கே இறங்க வேண்டாம்.

மதினி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நின்றது.

"இம்புட்டுத்தானாண்ணே?"

"இவ்வளவுதாம்மா."

"இந்த மூணு வரிக்கா ஒரு வெரலு?"