ஃபெஸ்டஸ் லாவெலின் சந்தேகப் பட்டியல்

ஃபெஸ்டஸ் லாவெலுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. அயர்லாந்தின் மேயோ கடற்கரையில், கரமோர் கோல்ஃப் மைதானத்தில் நாற்பத்தோரு வருஷமாக அடுத்தவர் மட்டைப் பையைத் தோளில் சுமந்தவர். மணல்மேட்டுப் புல்லுக்குள் போன பந்தைக் காலால் தள்ளி வெளியே கொண்டுவந்துவிட்டு, "அட, இதோ கிடக்குதே!" என்று வியந்த டாக்டர்களையும் நீதிபதிகளையும் கண்ணாரப் பார்த்தவர். அப்புறம் எங்கிருந்து நம்பிக்கை வரும், சொல்லுங்கள்.

அங்கே பை தூக்குகிறவர்களுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வெளியாள் முன்னால் மைதானத்தை ஒரு வார்த்தை குறை சொல்லக் கூடாது. மழை முகத்தில் அறைந்தாலும் "அருமையான நாள் சார்" என்றுதான் சொல்ல வேண்டும். ஊர்க்காரன் என்றால் கதையே வேறு. ஊர்க்காரர் இரண்டு பேர் சேர்ந்து ஆடினால் முதல் குழியில் ஆரம்பிக்கிற வசவு பதினெட்டாவது வரைக்கும் ஓயாது. புல் சரியில்லை, மணல் சரியில்லை, கமிட்டி சுத்த மோசம். இப்படி வாய்விட்டுத் திட்டுகிறவன்தான் நம்ம ஆள்.

போன வசந்தத்தில் கிளப் செயலாளர் அட்ராக்டா ருவேன் பை தூக்குகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு நிறுத்தினார்.

"நல்ல மைதானம் எதுன்னு வருஷா வருஷம் இடம் போடுறாங்களே, அந்தப் பட்டியலுக்கு ஆள் வருதாம். யாருன்னு சொல்ல மாட்டாங்க. வந்து சாதாரணமா ஆடிட்டுப் போயிடுமாம். இப்ப நாம முப்பத்தெட்டு. ஐம்பதைத் தாண்டிட்டோம்னா சுற்றுலா பஸ் இங்க நிக்காது. உங்க பதினோரு பேரையும் நான் வெச்சுக்க முடியாது."

"எத்தனை பேரை முடியும்?" என்றார் ஃபெஸ்டஸ்.

"நாலு. வயசுல மூத்தவங்க முதல்ல போகணும்."

எல்லோரும் ஃபெஸ்டஸைப் பார்த்தார்கள். அவருக்கு அறுபத்துமூன்று. மனைவி போய் ஆறு வருஷம். காலையில் எழுந்து போவதற்கு அந்த மணல்மேட்டை விட்டால் அவருக்கு வேறு போக்கிடம் இல்லை.

அன்றிலிருந்து மனுஷனுக்குத் தூக்கம் போயிற்று. தனியாக வந்த ஒவ்வொருத்தரையும் மேலும் கீழும் பார்த்தார். நார்வேக்காரர் ஒருவர் ஒவ்வொரு குழியையும் காலடியால் அளந்தார். சரி, இவன்தான்! நாலு மணி நேரம் ஃபெஸ்டஸ் அவர் பந்துகளை முயல்வளைக்குள் இருந்தெல்லாம் தோண்டி எடுத்துக் கொடுத்தார். கடைசியில் பார்த்தால், டாக்டர் தினம் பத்தாயிரம் காலடி எண்ணி நடக்கச் சொல்லியிருக்கிறாராம். பாஸ்டனிலிருந்து வந்த அம்மாள் குழிக்குக் குழி நின்று என்னவோ எழுதினாள். அவளுக்குத் தன் மழைக்கோட்டையே கழற்றிக் கொடுத்துவிட்டு நனைந்தார். அவள் எழுதியதெல்லாம் பேரப்பிள்ளைகளுக்கு அஞ்சலட்டை! மூன்று நாள் காய்ச்சல்தான் மிச்சம்.

இந்த எரிச்சலையெல்லாம் இறக்கி வைக்க அவருக்கு ஒரே இடம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். முப்பது வருஷமாக ஜோடி, ஆஸ்டின் மோரன். ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார், அதிகம் பேசாதவர். மாதம் ஒருமுறை வடக்கே அக்காவைப் பார்க்கப் போவார், மட்டைப் பையையும் எடுத்துக்கொண்டு. உலகத்தையே சந்தேகப்பட்ட ஃபெஸ்டஸ் அந்தப் பையை மட்டும் ஒருநாளும் சந்தேகப்படவில்லை.

ஒரு ஞாயிறு, பதினோராவது குழியில் நிற்கும்போது வாத்தியார் சும்மா கேட்பதுபோல் கேட்டார். "வெளியாளுக்கு ஒரு ஆட்டத்துக்கு இருநூத்து நாப்பது யூரோவாமே. அவ்வளவு பெறுமாடா இது?"

"யோவ் வாத்தியாரே, உனக்குத் தெரியாததா? முதல் எட்டுக் குழி காத்து போட்டது. மீதிப் பத்தும் கமிட்டி போட்டது. காசு மட்டும் பதினெட்டுக்கும் ஒரே மாதிரி கறக்குறானுங்க!"

இரண்டு பேரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

செப்டம்பரில் பட்டியல் வந்தது. கரமோர், அறுபத்து நாலாவது இடம்.

"எவனோ நம்மாளு போட்டுக் குடுத்திருக்கான்!" என்று கிளப் பாரில் மேசையைக் குத்தினார் ஃபெஸ்டஸ். "அந்தப் புது பார்காரன் மூஞ்சியே சரியில்லன்னு நான் அப்பவே சொல்லல?" பாவம், அவன் ஊற்றிக்கொண்டிருந்த பீர் மேசையெல்லாம் வழிந்தது.

"கொஞ்சம் சும்மா இரு ஃபெஸ்டஸ்" என்று அட்ராக்டா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலோடு வந்த குறிப்பைப் படித்தார். "முதல் எட்டுக் குழிகள் காற்று அமைத்தவை, மற்ற பத்தும் கமிட்டி அமைத்தவை. கட்டணம் மட்டும் பதினெட்டுக்கும் ஒன்றே... யார் வாயிலருந்து வந்திருக்கும் இது?"

அந்த வார்த்தையை ஃபெஸ்டஸ் ஒரே ஒரு ஆளிடம்தான் சொல்லியிருந்தார். எழுந்து, பாதி பீரை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனார்.

ஞாயிற்றுக்கிழமை மழை. வாத்தியார் வழக்கம்போல் வந்து நின்றார். ஃபெஸ்டஸும் வந்திருந்தார், சொந்தப் பையோடு. அடுத்த வாரத்திலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று அட்ராக்டா முந்தின நாள்தான் சொல்லியிருந்தார்.

"உங்க அக்கா எப்படி இருக்காங்க?" என்றார் ஃபெஸ்டஸ்.

"இருக்கா, நல்லா இருக்கா."

"அவங்களும் பட்டியலுக்கு எழுதுறாங்களா?"

வாத்தியார் கையுறையை மாட்டுவதும் கழற்றுவதுமாக நின்றார். "பொய் ஒண்ணும் எழுதலயே, ஃபெஸ்டஸ்" என்றார்.

பொய் இல்லைதான். பொய்யாக இருந்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பார், ஒரு அறை கொடுத்திருப்பார், மனசு ஆறியிருக்கும்.

ஒரு வசவுகூட இல்லாமல் பத்துக் குழி ஆடினார்கள். பதினோராவதில் மழை சாய்ந்து அடித்தது, கொடிக்கம்பம் வில்லாக வளைந்தது. வாத்தியாருக்குத் தாங்கவில்லை.

"என்னடா காத்து இது, நாசமாப் போற காத்து! ஏதாவது திட்டித் தொலையேன்டா. எந்த மட்டையை எடுக்கட்டும்?"

ஃபெஸ்டஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கடலைப் பார்த்தார்.

"அருமையான நாள் சார்" என்றார். "இந்த மாதிரிக் குழி நீங்க உலகத்துல எங்கயும் பார்க்க முடியாது."