புத்தர் கூடத்துக்குக் கொண்டுபோன அர்ச்சனைத் தட்டு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆடி மாதம். ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர், கல்லீரல் கெட்டுப்போய்க் காஞ்சிபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். "வேண்டியவங்க வந்து பார்த்துட்டுப் போகட்டும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தும் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

கோயில் ஊரில் பிறந்தவளுக்கு, டாக்டர் கைவிரித்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் ஊரில் ஒவ்வொரு கஷ்டத்துக்கும் ஒரு சாமி உண்டு. காய்ச்சலுக்கு ஜுரஹரேஸ்வரர், ஆயுளுக்குச் சித்ரகுப்தர். நாத்தனாரைக் கணவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, தேங்காயும் பூவுமாகக் காலையில் கிளம்பினால் ஒரு கோயில் விடாமல் ஏறி இறங்குவேன். பதினோரு நாள் இப்படியே ஓடியது.

பன்னிரண்டாம் நாள், செவிலிமேட்டுப் பக்கம் ஒரு புத்தர் கூடம் இருப்பதாகப் பூக்காரம்மா சொன்னார். பர்மாவுக்குக் கூலி வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள் அந்தக் காலத்தில் தேக்கு மரத்திலேயே கட்டியதாம். பிள்ளையார்பாளையத்தில் வளர்ந்த எனக்கு அது தெரியவே தெரியாது. எங்கள் சாதி ஆட்கள் அந்தத் தெருப் பக்கம் போக மாட்டார்கள்; சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு, ஆபத்துக்குப் பாவமில்லை என்று டவுன் பஸ் ஏறினேன்.

மரத் தூண், மரக் கூரை, மரத் தரை. நடந்தால் பலகை முனகுவது மட்டும்தான் சத்தம். மணி இல்லை, குருக்கள் இல்லை. என் வயதுள்ள ஒரு பெண் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தட்டை நீட்டிக் கணவர் பெயரும் நட்சத்திரமும் சொன்னேன்.

"இங்க அர்ச்சனை எல்லாம் கெடையாதுமா. வர்றவங்க சும்மா உக்காந்துட்டுப் போவாங்க."

எனக்கு வந்ததே கோபம்! "சும்மா உக்கார்றதுக்கா பஸ் ஏறி வந்தேன்? எங்க வீட்டுக்காரரு சாகக் கெடக்கிறாரு!" என்று கத்திவிட்டேன்.

அந்தப் பெண் துணியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். "ஐயோ, அவரு கூட யாரும்மா இருக்கிறாங்க?"

பதறிப்போய்க் கேட்டார், குத்திக்காட்ட அல்ல. "நாத்தனார்" என்றேன். சொன்னதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அத்தனை நாளில் அவர் பக்கத்தில் சேர்ந்தாற்போல் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேனா? வருவேன், திருநீறு பூசுவேன், அடுத்த கோயிலுக்குக் கிளம்பிவிடுவேன். மஞ்சள் பூத்த அந்த முகத்தைப் பார்க்கப் பயந்துதான் ஓடியிருக்கிறேன். சாமி எனக்கு ஒரு சாக்கு.

தட்டை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தேன். அதற்குள் அவருக்கு நினைவு தப்பிவிட்டது. நாத்தனார் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "காலைல இருந்து உன்னத்தான் அண்ணி கேட்டுக்கினே இருந்தாரு. இன்னிக்கு மட்டும் எங்கியும் போவாதன்னு சொல்லச் சொன்னாரு."

கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அவர் கண் திறக்கவே இல்லை. மறுநாள் காலை எல்லாம் முடிந்துவிட்டது.

"புருஷனுக்காக அவ ஏறி இறங்காத கோயில் உண்டா!" என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் என்னைப் பெருமையாகச் சொல்கிறார்கள்; அதைக் கேட்கும்போதெல்லாம், வாசலையே பார்த்துக்கொண்டு அவர் கிடந்த பன்னிரண்டு நாளும் என்னைக் கொல்கின்றன.