விபூதிப் பொட்டலம் நகர்ந்த பக்கம்

மகள் சோபாவில் விட்டுப்போன நாவலைத் திறந்ததும் உள்ளேயிருந்த பஸ் டிக்கெட் கீழே விழுந்துவிட்டது. எந்தப் பக்கத்தில் இருந்ததென்று நான் பார்க்கவில்லை. செத்துப்போன பையனைக் காதலிக்கும் பெண்ணின் கதை, இரண்டாம் பாகம்.

பதின்மூன்று வயதில் நானும் இப்படியொரு இரண்டாம் பாகத்தைத் தோழியிடம் இரவல் வாங்கி, அப்போது நாங்கள் குடியிருந்த ஆயர் ஈத்தாம் பிளாட்டில் துணி அலமாரிக்குள் ஒளித்து வைத்திருந்தேன். காதல் புத்தகம் என்று தெரிந்தால் அம்மா தோலை உரித்துவிடுவார். பேய்ப் பயம் வேறு. அதனால் கோயில் விபூதிப் பொட்டலத்தையே பக்க அடையாளமாகச் செருகி வைத்தேன்.

பள்ளி விட்டு வந்து திறந்தால், பொட்டலம் இருபது பக்கம் தள்ளியிருந்தது. மறுநாள் இன்னும் தள்ளி. தாள்களில் சிந்தியிருந்த விபூதி, அந்துருண்டை வாசனையோடு சேர்ந்து மணந்தது. கதையில் வரும் அந்தப் பையன்தான் வந்து படிக்கிறான் என்று நம்பினேன். விபூதியைத் தொட்டும் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று நினைத்தபோதுதான் உண்மையிலேயே நடுங்கினேன். மூன்று நாள் அலமாரிப் பக்கமே போகவில்லை.

நான்காம் நாள், பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலெல்லாம் வீட்டிலிருக்கும் அம்மா, கீரை ஆய்ந்தபடியே சொன்னார்.

"அந்தப் பிள்ள அவன்கூட போயிருக்கக் கூடாது லா. பெத்தவங்க பாவம்."

நான் இன்னும் அந்தப் பக்கத்துக்கே வந்திருக்கவில்லை.

இப்போது வாசலில் சாவிச் சத்தம். டிக்கெட்டை ஏதோ ஒரு பக்கத்தில் செருகினேன். உள்ளே வந்த மகள் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"முடிவ மட்டும் சொல்லிறாதீங்கம்மா."