என் திங்கட்கிழமைகளைத் தின்ற சாடி

அந்தச் சாடி வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே எனக்கு அதைக் கண்ணில் காட்டக் கூடாது. சொல்ல வெட்கமில்லை. ஊரிலே பெண்கள் பக்கத்து வீட்டுக்காரியின் சேலையைப் பார்த்து எரிவார்கள், ஓரகத்தியின் சங்கிலியைப் பார்த்து எரிவார்கள். நான் எரிந்தது ஒரு கரி அடுப்பைப் பார்த்து.

சாடி என்பது நான் வைத்த பெயர். என் கணவர் அதைக் "கிறில்" என்பார். தடித்த பீங்கானில் செய்த, முட்டை மாதிரி வயிறு பெருத்த அடுப்பு. உள்ளே கரி, அதற்கு மேல் கம்பித் தட்டு, தட்டில் இறைச்சி. கனத்த மூடியை இறக்கி மூடிவிட வேண்டும். காற்று உள்ளே போக அடியில் ஒரு சின்னக் கதவு, புகை வெளியே வர மேலே ஒரு துவாரம், மூடியின் நெற்றியில் சூடு காட்டும் ஒரு முள். அவ்வளவுதான் அவளுடைய அழகு.

அவர் சமையல்காரராக வேலை செய்த ஹோட்டலில் புதியது ஒன்று வாங்கியதும், விளிம்பில் சில்லுப் பெயர்ந்த இந்தப் பழையதைக் கழித்துவிட்டார்கள். 2012ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் மூன்று ஆண்கள் மூச்சு வாங்கத் தூக்கி வந்து, எங்கள் குசினிச் சன்னலுக்கு நேர் எதிரே, கல் பதித்த சின்ன முற்றத்தில் வைத்தார்கள். நான் கலியாணம் முடித்துச் சுவிஸில் இந்தக் கூர் நகரத்துக்கு வந்து இறங்கிய அன்று என் சூட்கேஸை ஸ்டேஷனிலிருந்து நானேதான் இழுத்து வந்தேன். அவளுக்கு மூன்று பேர்!

எனக்கு ஏன் அவ்வளவு வயிற்றெரிச்சல் என்றால், அவள் தின்றது என் திங்கட்கிழமைகளை. ஹோட்டல் உணவகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவர் வீட்டில் மனிதராய் இருப்பார். எனக்கு முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. எங்கள் மேலதிகாரியிடம் கெஞ்சிக் கூத்தாடி, சனி ஞாயிறை விட்டுக்கொடுத்துத் திங்களை வாங்கினேன். எல்லோரும் கோயில், கலியாணம், பிறந்தநாள் என்று பட்டுச் சேலையோடு திரியும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருப்பேன். பரவாயில்லை, நாளைக்குத் திங்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

திங்களில் நாங்கள் பெரிதாய் ஒன்றும் செய்ததில்லை. பழைய நகரத்துக்குள் நடப்போம். ஒரு பேக்கரியில் கோப்பி குடிப்போம், அவர் ஒரு கொட்டைக் கேக்கைத் தின்று என் பங்கிலும் கை வைப்பார். திரும்பி வரும்போது ஆற்றங்கரையால் வருவோம். கதை பேச்சு அதிகம் இராது. ஆனால் அந்த ஆள் என் பக்கத்தில் நடந்து வருவார். எனக்கு அது போதும்.

சாடி வந்ததும் எல்லாம் போயிற்று. இத்தனைக்கும் வீட்டில் ஒரு தேத்தண்ணி போட்டுத் தராத மனிசன் இவர். கேட்டால், "ஆறு நாளும் அடுப்படியில நிண்டு கால் போட்டுது. வீட்டிலயும் அடுப்போ?" என்பார். அந்த மனிசன் திங்கள் விடிந்ததும் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு முற்றத்துக்குப் போய் அடுப்படியில் நின்றார், நாள் முழுக்க.

குளிர் வரட்டும், தானாய் விட்டுவிடுவார் என்று நான் ஆறுதல்பட்டேன். எங்கே! குளிர் வந்த பிறகுதான் விசர் முற்றியது. குளிரில் அவளுக்குக் கூடுதல் கவனிப்பு வேண்டுமாம். உறைந்து கிடக்கும் பீங்கானில் எடுத்த எடுப்பில் பெரிய நெருப்பைப் போட்டால் வெடித்துவிடுமாம். அதனால் முதலில் ஒரு கைப்பிடி கரியில் சின்ன நெருப்பு, பிறகு கொஞ்சம், பிறகு இன்னும் கொஞ்சம். மூடிக்கும் வாய்க்கும் நடுவில் ஒட்டியிருக்கும் கம்பளி நாடா ஈரத்தில் உறைந்து, மூடி பிடித்துக்கொள்ளும். அதை வில்லங்கத்துக்கு இழுத்தால் நாடா கிழிந்துவிடும். ஒரு காலை நான் பார்க்கிறேன், என் தலை உலர்த்தும் மெஷினைக் கொண்டுபோய் அவளுடைய வாயைச் சுற்றிச் சுற்றிச் சூடு காட்டிக்கொண்டு நிற்கிறார். நான் முழுகிவிட்டு ஈரத் தலையோடு சன்னலில் நிற்கிறேன்!

இன்னொரு நாள் என் மண்ணிறக் கம்பளிச் சால்வையைக் காணவில்லை. வீடெல்லாம் தேடினேன். கடைசியில் பார்த்தால், சாடி போர்த்திக்கொண்டு இருக்கிறது.

"உங்களுக்கென்ன விசரோ? அது என்ரை சால்வை!"

"ஈரம் இறங்கினா மூடி பிடிச்சுக்கொள்ளுமப்பா. நீர் உள்ளுக்குத்தானே இருக்கிறீர்" என்றார், நியாயம் சொல்வது போல.

நான் உள்ளுக்குத்தான் இருந்தேன். அதுதானே பிரச்சினை.

கோப்பி குடிக்கப் போவோமா என்று கேட்டால், "பொறும், முள் இப்பதான் ஏறுது" என்பார். ஆற்றங்கரைக்கு? "பொறும், இப்ப விட்டிட்டு வரேலாது." இரண்டு குளிர்காலம் எனக்குக் கிடைத்தது அந்த ஒரு சொல்தான். பொறும். அவளிடமிருந்து எனக்குக் கிடைத்தது புகை மணத்த ஆட்டு இறைச்சி. நல்ல ருசி என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அது இன்னும் எரிச்சலாய் இருந்தது.

ஆனால் உண்மையில் என் நெஞ்சில் குத்தியது ஒரு டெலிபோன் கதை. பீல் நகரத்தில் இருக்கும் தன் சிநேகிதனுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"மச்சான், ஆளின்ரை குணமறிஞ்சு நடக்கோணும். குளிருக்கை மெதுவாய்த்தான் சூடேறும், அதுக்காக அவசரப்பட்டு எல்லாத்தையும் திறந்து விட்டியோ, பிறகு பிடிக்கேலாது. ஏறினது இறங்க அரைநாள் செல்லும். ஏற முன்னமே பாத்து, மெல்ல மெல்ல அடைச்சுக்கொண்டு வரோணும். கோவிக்கக் கூடாது. பக்கத்தில நிக்கோணும்."

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். குணமறிந்து நடப்பதாம். பக்கத்தில் நிற்பதாம். எனக்குச் சூடேறும்போது இந்த ஆள் என்ன செய்வார் தெரியுமா? "எனக்கு வேலைக்கு நேரமாச்சு" என்று சப்பாத்தை மாட்டுவார். என் குணத்தை இருபது வருடமாய் அறியாதவர், அந்தச் சாடியின் குணத்தை ஒரே வருடத்தில் கரைத்துக் குடித்திருந்தார்.

சூரிச்சில் படிக்கும் மகளுக்கு எடுத்துக் கொட்டினேன். அவள் இங்கே பிறந்த பிள்ளை, மூடி மறைத்துப் பேசத் தெரியாது. "அம்மா, உங்களுக்கு அந்தக் கிறில்லில எரிச்சலோ?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"ஓம், எரிச்சல்தான். உன்ரை அப்பாவிட்டைச் சொல்லு" என்று சொல்லிவிட்டு டெலிபோனை வைத்தேன்.

இரண்டாவது குளிர்காலத்தில், தை மாதம், அவர் வேலைக்குப் போகும் வழியில் பஸ் தரிப்பிடத்துப் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். முழங்கை வரைக்கும் கிப்ஸ் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். திங்கட்கிழமை மகள் தன் தோழியைக் கூட்டிக்கொண்டு இரவுச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. ஆட்டுத் தொடை முதல் நாளே தயிரிலும் தூளிலும் ஊறிக் கிடந்தது. திங்கள் காலை அவர் அதையும் முற்றத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி, ஓவனில வையும்" என்றார். முகம் செத்த வீட்டு முகம்.

அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு ஏறிவிட்டது. ஓவனில் வைத்திருந்தால் நான் சோபாவில் கால் நீட்டியிருந்திருக்கலாம். ஆனால் இந்த மனிசன் இரண்டு குளிர்காலமாய் மயங்கிக் கிடக்க அவளிடம் அப்படி என்னதான் இருக்கிறது என்று எனக்கு நேரில் பார்க்க வேண்டும் போல் இருந்தது.

"ஏன், உங்கடை ஆளிலயே வைக்கிறன்" என்று சொல்லிவிட்டு அவருடைய ஜாக்கெட்டை எடுத்து மாட்டினேன்.

அவர் குசினிச் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே நின்று உத்தரவு போட்டார். வெளியே மூக்கு நுனி மரத்துப்போகிற குளிர். சால்வையை உருவினேன், மூடியைத் தட்டிப் பார்த்துத் திறந்தேன், சின்ன நெருப்பு, பிறகு இன்னும் கொஞ்சம் கரி. அதுவரை நல்லாய்த்தான் போயிற்று. முள் நூற்றிருபதுக்கு வர வேண்டும், வந்த பிறகுதான் இறைச்சி வைக்கலாம் என்றார். முள் அறுபதில் நின்றது. நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. எனக்குப் பொறுமையா? கீழ்க்கதவை முழுக்கத் திறந்து, ஒரு அட்டையை எடுத்து விசிறினேன். நெருப்பென்றால் விசிறத்தானே வேண்டும்?

"விசிறாதையும்! ஐயோ, விசிறாதையும்!"

அவர் சொல்லி முடிப்பதற்குள் முள் கிளம்பிவிட்டது. நூறு, நூற்றைம்பது, இருநூறு. நான் பதறிப்போய், சோறு பொங்கி வழிய வரும்போது எந்தத் தமிழ்ப் பெண்ணின் கையும் தானாய்ச் செய்யும் வேலையைச் செய்தேன். மூடியைத் திறந்துவிட்டேன். காற்றுப் பட்டதும் நெருப்புக் குபீரென்று என் முகத்துக்கு எழுந்தது. பின்னால் பாய்ந்தேன். இடது புருவத்தில் பாதி கருகியிருந்ததைப் பிறகுதான் கண்ணாடியில் பார்த்தேன்.

"மூடும்! கெதியாய் மூடும்! இது சோத்துப் பானை இல்லையப்பா!"

மூடிவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தேன். சிரித்தாரென்றால் அட்டையால் எறிவதென்றே நின்றேன். அவர் சிரிக்கவில்லை. சன்னலுக்கு வெளியே நல்ல கையை நீட்டி, நான் அதுவரை கேட்டறியாத ஒரு மெல்லிய குரலில் சொன்னார்: "பரவாயில்லை. ஒண்டும் செய்யாதையும். மேலையும் கீழையும் நூலளவு விட்டு அடைச்சுப்போட்டுச் சும்மா பக்கத்தில நில்லும். இறங்கும்."

அந்தக் குரல் எனக்கா சாடிக்கா என்று எனக்கு விளங்கவில்லை. சாடிக்கு என்றுதான் நினைத்தேன். 

அடைத்துவிட்டு நின்றேன். குளிர் உள்ளே போகாதிருக்க அவர் சன்னலைச் சாத்தினார். பனி தூறத் தொடங்கியது. மூடியில் விழுந்த ஒவ்வொரு துளியும் 'ஸ்' என்று ஒரு சின்னச் சத்தம் போட்டுக் காணாமல் போயிற்று. கையை அதன் வயிற்றுக்குப் பக்கத்தில் பிடித்தேன். வெக்கை ஜாக்கெட்டுக்குள் புகுந்து முழங்கால் வரைக்கும் இறங்கியது. முள் இறங்குவதே தெரியாமல் இறங்கியது. டெலிபோன் உள்ளே இருந்தது. வெளுக்கும் மெஷின் இரைச்சல் இல்லை, "இது எங்கே, அது எங்கே" என்று கேட்க ஒருவரும் இல்லை. முள் நூற்றிருபதில் வந்து நின்றபோது இறைச்சியை வைத்து மூடினேன். பிறகு அது அசையவில்லை. வெளியே எவ்வளவு குளிர்ந்தால் என்ன, சூடு பிடித்துவிட்ட பிறகு அவள் அசைய மாட்டாள். நான் அப்படியே நின்றேன். இருபது வருடத்தில் நான் அப்படிச் சும்மா நின்றதில்லை.

எரிச்சல் போயிற்று என்றா நினைக்கிறீர்கள்? கூடிற்று! இப்படியொரு சுகத்தை இந்த மனிசன் இரண்டு குளிர்காலமாய் ஒரு வார்த்தை சொல்லாமல் தனியே அனுபவித்திருக்கிறார். "நீரும் வாரும்" என்று ஒரு நாள் கூப்பிட்டாரா? "நீர் உள்ளுக்குத்தானே இருக்கிறீர்" என்றல்லவா சொன்னார்!

அப்போது சன்னலைப் பார்த்தேன். அவர் அங்கே நின்றார். கிப்ஸ் கையை மற்றக் கையால் ஏந்திக்கொண்டு, நெற்றி கண்ணாடியில் முட்ட, என்னையும் சாடியையும் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். உள்ளேயிருந்து இரண்டு குளிர்காலம் நான் போட்ட முகம் அது. வெளியேயிருந்து பார்க்க இவ்வளவு பாவமாய் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அவர் கண்ணாடியில் தட்டினார். சன்னலைக் கொஞ்சம் திறந்து, "இஞ்சேர், ஒரு தேத்தண்ணி..." என்றார்.

"பொறுங்கோ" என்றேன். "இப்ப விட்டிட்டு வரேலாது."

சன்னல் சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் கதவுப் பக்கம் ஏதோ உருளும் சத்தம். ஒற்றைக் கையால் சப்பாத்துப் போட முடியாமல் வீட்டுச் செருப்போடு, ஜாக்கெட் இல்லாமல் (அதை நானல்லவா போட்டிருந்தேன்) பனிக்குள் வந்து நின்றார். வந்ததும் வராததுமாய்க் கீழ்க்கதவை நோக்கிக் கை போனது.

"கை வைக்காதேங்கோ! நூற்றிருபதில நிக்குது!"

"இல்லை, ஒரு சொட்டு..."

"ஒரு சொட்டும் வேண்டாம். உள்ளுக்குப் போங்கோ, குளிருது."

அவர் போகவில்லை. கையை இழுத்துக்கொண்டு நின்றார். உதடு நடுங்கியது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

"என்ன, எரிச்சலோ?" என்றேன்.

அவர் செருப்பில் அப்பிய பனியை உதறினார்.

"ஆரில எரிச்சல்? என்னிலயோ, இவவிலயோ?"

அவர் சாடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், பாதி புருவத்தோடு நின்ற என்னை.

"ரெண்டு பேரிலயும்" என்றார்.

சால்வையை எடுத்து அவருடைய தோளில் போட்டேன். பிறகு கொஞ்சம் தள்ளி நின்று இடம் விட்டேன். கொஞ்சம்தான்.