ரோலண்டின் சாதனையும் ஆஸ்தாவின் பூட்ஸும்

ரோலண்ட் வீகான்டர் என்ற பெயரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஐம்பத்தாறு வயது ஆள். டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறான். வாரத்தில் ஐந்து நாள், லைசென்ஸ் வாங்க வரும் பிள்ளைகளுக்கு, "நடந்து போறவங்களுக்கு வழி விடணும்" என்று பாடம் நடத்துகிறான். சனிக்கிழமை வந்தால் காட்டுக்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், நடந்து போகிறவர்களைப் பார்த்து "வழி! வழி!" என்று கத்துகிறான். இரண்டும் ஒன்றுக்கொன்று இடிக்கிறதே என்று ஒருநாளும் அவனுக்குத் தோன்றியதில்லை.

அந்தச் சைக்கிளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டு ஹாலில் சுவரில் மாட்டியிருக்கிறான். அதற்கு இடம் வேண்டும் என்று சோபாவைத் தூக்கி நிலவறையில் போட்டுவிட்டான். அவன் மனைவி பியா சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்துதான் டிவி பார்க்கிறாள். காற்று தடுக்குமாம், காலில் ஒரு முடி விடாமல் மழித்துக்கொள்வான். எங்கள் சைக்கிள் சங்கத்தில் யாராவது புது டயர் வாங்கினால் போதும், அவனுக்கு மூக்கு வேர்த்துவிடும். தொட்டுப் பார்த்து, "ம்ம், ஆரம்பத்துக்கு இது போதும்" என்பான்.

ஊத்தர் ஏரியைச் சுற்றிப் பாதை பத்தொன்பது கிலோமீட்டர். வேர், பாறை, பைன் மரம், மறுபடி வேர். வடக்குப் பக்கம் மட்டும் நானூறு மீட்டர் சதுப்பு. அந்த நிலம் எங்கள் ஊர்ப் பண்ணைக்காரி ஆஸ்தாவுடையது. எங்கள் ஊரில் யார் காட்டிலும் யாரும் நடக்கலாம், பழம் பறிக்கலாம், ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஆனால் பலகை அடித்துப் பாதை போட நிலத்துக்காரர் சம்மதம் வேண்டும். ஆஸ்தா சம்மதித்தாள், ஒரே ஒரு நிபந்தனையோடு: எதிரே ஆள் வந்தால் சைக்கிள்காரன் இறங்க வேண்டும்.

நாலு வருஷம், ஒவ்வொரு மே மாதமும் வேலை நாள் வைத்து, இரண்டு இரண்டு பலகையாக நாங்கள் அடித்துக் கோர்த்த பாதை அது. என் தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. நாலு வேலை நாளிலும் ரோலண்ட் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. முதல் வருஷம் முதுகுவலி, இரண்டாம் வருஷமும் முதுகுவலி. மூன்றாம் வருஷம், "நான்தான் சந்தா கட்டுறேனே" என்றான். நாலாம் வருஷம் வந்தான், சாசேஜ் சுடும் நேரத்துக்குச் சரியாக வந்து இரண்டு தின்றுவிட்டுப் போனான்.

அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: ஏரியைச் சுற்றி முதல் இடம். மொபைல் ஆப்பில் யார் எத்தனை நிமிடத்தில் சுற்றினார்கள் என்ற பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் மூன்று வருஷமாக அவன் இரண்டாவது. முதலாவதாக இருந்தது பக்கத்து ஊர்த் தபால்காரி. அது அவனை எப்படிக் குடைந்திருக்கும் என்று நினைத்தாலே எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்றிருக்கும்.

ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை, காலை பத்தே கால் மணி இருக்கும். ஆஸ்தா போன் செய்தாள்.

"மோனா, நான் சதுப்புக்குள்ள நிக்கிறேன்."

"என்னது?"

"இடுப்பு வரைக்கும். உங்காளு ஒருத்தன் பின்னாடியிலேருந்து வழி வழின்னு கத்திக்கிட்டு வந்தான். ரெண்டு பலகையில நான் எங்கடி ஒதுங்கறது? ஒதுங்கினேன். உள்ள போயிட்டேன். காளான் கூடை கவுந்துடுச்சு. அவன் திரும்பிக்கூடப் பாக்கல."

நான் ஓடிப்போய் அவளை இழுத்து எடுத்தேன். இடது கால் பூட்ஸ் உள்ளேயே தங்கிவிட்டது. ஒரு கால் சாக்ஸோடு அவள் பலகையில் நின்று என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நானே தள்ளிவிட்ட மாதிரி கூசிப்போனேன்.

"யாருன்னு தெரியல. ஹெல்மெட்டு, கறுப்புக் கண்ணாடி. அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் தரேன். அவனே வந்து, அவன் கையாலயே என் பூட்ஸைத் தோண்டி எடுத்துக் குடுக்கணும். இல்லேன்னா திங்கக்கிழமை டிராக்டரோட வருவேன். ஒரு பலகை மிச்சம் இருக்காது."

அவள் சொன்னால் செய்வாள். என் நாலு மே மாதமும் அந்த ஒற்றைப் பூட்ஸில் போய் மாட்டிக்கொண்டது.

யார் என்று கண்டுபிடிக்கக் கஷ்டப்படவே இல்லை. அன்று மாலையே ரோலண்ட் ஆப்பில் பீற்றிக்கொண்டிருந்தான். ஐம்பத்திரண்டு நிமிடம் ஏழு வினாடி, புதிய சாதனை, முதல் இடம். கீழே அவனே எழுதியிருந்தான்: "பலகைப் பாதையில் ஒரு தடங்கல். அங்கே மட்டும் மூன்று வினாடி போய்விட்டது." தடங்கலாம்! சங்கத்தில் நாற்பத்து மூன்று பேர் அதற்குக் கட்டைவிரல் தூக்கிக் காட்டியிருந்தார்கள்.

மறுநாளைக்குள் பூட்ஸ் கதை ஊர் முழுக்கப் பரவியது. நாற்பத்து மூன்று பேருக்கும் புரிந்துவிட்டது. ஒருவராவது அவன் முகத்துக்கு நேரே கேட்டார்களா? கேட்டால் நாங்கள் எப்படி ஸ்வீடன்காரர்களாக இருக்க முடியும்? எங்கள் தலைவர் உல்ஃப் என்ன செய்தான் தெரியுமா? சீட்டு எழுதினான். "அன்பான சைக்கிள் நண்பர்களே, யாரோ ஒருவர் பாதையில் கவனக்குறைவாக நடந்துகொண்டதாகத் தெரிகிறது" என்று எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பாதை தொடங்கும் இடத்தில் மரத்தில் ஒட்டினான். ஒரு புன்னகை முகம் வேறு வரைந்திருந்தான். மழைக்கு நனையாமல் கோழைத்தனத்தைக் காப்பாற்ற எங்களை மிஞ்ச ஆள் கிடையாது.

இதில் பெரிய கூத்து, அந்தச் சீட்டின் கீழே பேனாவால் ஒரு வரி: "மிகச் சரி! ஸ்டாக்ஹோமிலிருந்து வருகிறவர்களுக்குப் பொறுப்பே இல்லை. — ரோலண்ட்."

எனக்கு வந்த கோபத்தில் அந்த மரத்தையே பிடுங்கியிருப்பேன்.

வியாழக்கிழமை சங்கக் கூட்டம். காபி, ஏலக்காய் பன். ரோலண்ட் மூன்றாவது பன்னில் இருந்தான். உல்ஃப் பொருளாளர் அறிக்கை, மழை, டயர் காற்று என்று எதை எதையோ பேசிப் பூசி மெழுகிக்கொண்டிருந்தான். நான் எழுந்தேன்.

"ரோலண்ட், சனிக்கிழமை உன் தடங்கல் யாரு?"

ரோலண்ட் பன்னைக் கடித்துக்கொண்டே நிமிர்ந்தான்.

"எது? ஓ, அதுவா. எல்க் மான். குட்டி."

"ரப்பர் பூட்ஸ் போட்ட மானா?"

"மோனா, இப்படிப் பேசறது நல்லாயில்ல," என்று உல்ஃப் மேஜையைப் பார்த்தபடி முனகினான்.

"நீ சும்மாயிரு உல்ஃப், போய் இன்னொரு சீட்டு எழுது. ரோலண்ட், ஆஸ்தா எனக்கு போன் பண்ணினது பத்து பதினாறு. உன் ஆப்பு என்ன சொல்லுது? பத்து பதினாலுக்கு நீ பலகை மேல இருக்கே."

"மெஷின்தானே, தப்பாக் காட்டியிருக்கும். காட்டுக்குள்ள சிக்னல் ஒழுங்காக் கிடைக்காது."

நான் இதற்காகத்தான் ஐந்து நாள் காத்திருந்தேன். "சரி. மெஷின் தப்புன்னா உன் ஐம்பத்திரண்டு நிமிஷமும் தப்பு. எடு போனை. எல்லாருக்கும் முன்னாடி அந்தச் சாதனையை அழி. தபால்காரி மறுபடி முதல் இடத்துக்கு வரட்டும். நீ போகலைன்னு நானே ஆஸ்தாகிட்ட சொல்றேன்."

அவன் போனை எடுத்தான். விரல் அதன் மேல் நின்றது. திருதிருவென்று முழித்தான். ஒரு பெண்ணைச் சேற்றில் தள்ளிவிட்டுப் போனதற்கு அவன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. ஏழு வினாடிக்கும் ஐம்பத்திரண்டு நிமிடத்துக்கும் இப்போது அழுதுவிடுவான் போலிருந்தது.

கதவோரம் உட்கார்ந்திருந்த பியா, "சொல்லித் தொலையேன் மனுஷா," என்றாள்.

"மெஷின் சரிதான்," என்றான் ரோலண்ட். "நான்தான். பூட்ஸை வேணும்னா தோண்டித் தரேன். சாதனையில கை வைக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை சங்கமே அங்கே கூடிவிட்டது. ரோலண்ட் சைக்கிளில்தான் வந்தான். சைக்கிளைப் பலகையில் படுக்கப் போட்டுவிட்டு, மழித்த காலோடு சதுப்பில் இறங்கினான். இரண்டு மணி நேரம் தோண்டினான். கை தோள் வரை உள்ளே போனது. நடுவில் ஒரு பழைய வாளி வந்தது, ஒரு மண்டையோட்டு அளவு வேர் வந்தது. ஆஸ்தா ஃபிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் குடித்தபடி, "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு உறிஞ்சல் சத்தத்தோடு பூட்ஸ் வந்தது.

அதை அவளிடம் நீட்டினான். மன்னிப்பு கேட்பான் என்று நாங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்து நின்றோம். அவன் உல்ஃபைத் திரும்பிப் பார்த்து, "அப்ப சாதனை என் பேர்லயே இருக்குமில்ல?" என்று கேட்டான்.

சீ! இப்படியும் ஒரு ஜன்மம். பாதை பிழைத்துவிட்டது, ஆஸ்தா சொன்ன சொல் மாறாதவள். ஆனால் என் பலகைகளைக் காப்பாற்றியது அவனுடைய வெட்கமோ மனசாட்சியோ இல்லை, அந்தக் கேவலமான பந்தாதான். நான் அதற்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறதே என்று நினைத்தாலே குமட்டுகிறது.

ஆஸ்தா பூட்ஸைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினாள். நிதானமாகக் காலை நுழைத்தாள். கூடையை எடுத்துக்கொண்டு ரோலண்டுக்கு முன்னால் பலகையில் நடக்க ஆரம்பித்தாள். வெளியே போக வேறு வழி கிடையாது. ரெண்டு பலகையில் அவளை எப்படித் தாண்டுவது? சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தான். அவள் பழம் பார்க்க நின்றாள், அவனும் நின்றான். அவள் குனிந்து நாலு பழம் பறித்தாள். வேகம் குறைந்துவிட்டதென்று அவன் கைக்கடிகாரம் பீப் பீப் என்று கத்திக்கொண்டே இருந்தது. காலையில் கிளம்பும்போது ஓடவிட்டவன், மீதி ஏரியையும் சுற்றி வீடு சேரும்வரை அதை நிறுத்த மறந்திருந்தான். அவனுடைய சுற்று எல்லாம் தானாகவே ஆப்பில் ஏறிவிடும்.

அன்று மாலை பார்த்தேன். ஊத்தர் ஏரி, ஒரு சுற்று, ரோலண்ட் வீகான்டர்: நாலு மணி பதினோரு நிமிடம். வாழ்க்கையில் முதல் முறையாக அவனுக்கு நான் ஒரு கட்டைவிரல் போட்டேன்.