தொட்டியில் ஒரு மேப்பிள்

மகள் வாழும் குளிர்நாட்டில், புவாண்ட்-கிளேர் என்ற ஊரில், ஒரு செடி நர்சரியில் நிற்கிறோம். ஏழு மாதக் கர்ப்பிணியான என் மகளுக்கு பால்கனியில் வைக்க ஜப்பானிய மேப்பிள் மரக்கன்று வேண்டுமாம். சிவப்பா பச்சையா, நிமிர்ந்து வளர்வதா தொங்குவதா என்று குழம்புகிறாள்.

“மாடி பால்கனியில், தொட்டியில் எந்த ரகம் குளிர் தாங்கும்?” என்று கடைக்காரரைக் கேட்கிறேன்.

“நிலத்தில எண்டால் பிழைக்கும் ஐயா,” என்கிறார் அந்த யாழ்ப்பாணத்துக்காரர். “தொட்டியெண்டா எந்த ரகத்துக்கும் வேர் உறைஞ்சு போகும். பனிக்கு முதல் கீழ இறக்கி கராஜுக்குள்ள வைக்க வேணும்.”

மகள் வீடு மூன்றாம் மாடி. வெளியே வளைந்து இறங்கும் இரும்புப் படி, மழைக்கே வழுக்கும். மருமகன் பாதி நாள் வெளியூரில். நான் அடுத்த வாரம் சென்னைக்குக் கிளம்புகிறேன்.

“வேண்டாம்மா” என்று திரும்புகிறேன். அதற்குள் சிவப்பு மேப்பிளைத் தொட்டியோடு தூக்கி இடுப்பில் வைத்திருக்கிறாள்.

“கனமே இல்லப்பா. நானே இறக்கிடுவேன்.”