எங்கள் தொட்டியில் ஒரு மாப்பிள்ளை

போன வாரம் எங்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே, ஏணியில் நின்றபடி ஒரு மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார். என்னை அல்ல. என் மீனை!

அவர் எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் பெரியண்ணன். ஜன்னலோரத்து சில்வர் ஓக் மரத்தில் படர்ந்திருக்கும் மிளகைப் பறிக்க ஏறியவர், தற்செயலாக உள்ளே எட்டிப் பார்த்துவிட்டார். ஹாலில் கண்ணாடித் தொட்டி. அதற்குள் கடல் தண்ணீர், ஓட்டை ஓட்டையாகப் பாறை. ஓர் ஓட்டையிலிருந்து நீளத் தலை ஒன்று வெளியே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடுகிறது... புற்று, நாகம் என்று அவர் முடிவு கட்டியதில் தப்பே இல்லை.

ஆனால் அது கடல் விலாங்கு. ஒரு முழம் இருக்கும். வெள்ளை உடம்பில் கறுப்புத் திட்டுகள். வாயைத் திறந்து மூடுவது மூச்சு விடத்தான். நான் ராமநாதபுரத்துக் கடலோரத்துக்காரி. டீச்சர் வேலை என்னைத் தூக்கிக் கொல்லிமலையில் போட்டபோது, கடலில் கொஞ்சத்தையாவது கூடக் கொண்டுவந்தே தீருவேன் என்று அடம்பிடித்தேன். ஊரில் இருக்கும் தம்பிக்கு எஸ்.டி.டி. போட்டுச் சொன்னால், கேன் கேனாகக் கடல் தண்ணீர் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறி வரும். கண்டக்டர் ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து ஏமாந்து போவார்.

விலாங்குக்கு வீட்டில் பெயர் 'மாப்பிள்ளை'. பகலெல்லாம் அறைக்குள்ளேயே கிடப்பான். இறால் வாசனை வந்தால் மட்டும் தலையை நீட்டுவான். வேறென்ன பெயர் வைப்பது, சொல்லுங்கள்?

பெரியண்ணன் ஏணியிலிருந்து இறங்கினார். இறங்கியதும் பக்தி போய்ப் பயம் வந்துவிட்டது.

"ஏனுங்க டீச்சரு, எங்கூட்டுல பாம்பு வளக்கறீங்களா?"

"பாம்பு இல்லீங்க. மீன்."

"நான் பாக்காத பாம்புங்களா?"

மறுநாள் ஊர்க்கவுண்டரையே அழைத்து வந்துவிட்டார். இந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு 'நாடு'. எங்கள் வளப்பூர் நாட்டில் வழக்கு வம்பென்றால் போலீசுக்கெல்லாம் போகமாட்டார்கள். ஊர்க்கவுண்டர் சொன்னால் சொன்னதுதான். கூடவே நாலைந்து பேர். தொட்டிக்குப் பக்கத்தில் வர ஒருவருக்கும் தைரியமில்லை. கவுண்டர் மட்டும் குனிந்து உற்றுப் பார்த்தார். மாப்பிள்ளையும் அவரைப் பார்த்தான்.

"டீச்சரு, நீங்க மீனுங்கறீங்க. சரி சாமி, சண்டை எதுக்கு? கொழம்பு வெச்சு எங்க முன்னால தின்னு காட்டுங்க. ஒத்துக்கறோம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஆகா, என்ன தீர்ப்பு! மீன் என்று நிரூபணமாகிவிடும்... மீன்தான் இருக்காது.

என் கணவர் வேளாண்மைத் துறை. சண்டை என்றாலே அவருக்கு ஆகாது. "வேற ஒண்ணு வாங்கிக்கலாம்டி" என்று காதோரம் முணுமுணுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு ஒன்றா? அவன் என்ன கத்தரிக்காயா?

"கவுண்டரே, உங்க உழவு மாடு மாடுதான்னு நான் எப்படி நம்பறது? வெட்டிக் காட்டுவீங்களா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே எனக்கு உறைத்தது. கணவர் வாசலைப் பார்த்தார். கவுண்டர் என்னைப் பார்த்தார். பிறகு மனிதர் விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அடே பெரியண்ணா, பாம்பு தொட்டிக்குள்ள இல்லடா. வெளிய நிக்குது!"

பெரியண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "எம்புள்ளைக இந்தப் பக்கம் வரவே பயப்படுதுங்க. ஒண்ணு அது போவோணும், இல்லாட்டி நீங்க போவோணும்."

"நாங்க போறோம்" என்றேன்.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. வீடு அவருடையது, பயமும் அவருடையது. மாப்பிள்ளை என்னுடையவன். அவ்வளவுதான் கணக்கு.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பால் கொடுத்தால் வளர்க்கலாம். முட்டை போட்டால் வளர்க்கலாம். திருடனைப் பார்த்துக் குரைத்தால் வளர்க்கலாம். சும்மா, பிடித்திருக்கிறது என்று வளர்த்தால் மட்டும் ஏன் ஊரே கூடி விளக்கம் கேட்கிறது? அதிலும் ஒரு பொம்பளை வளர்த்தால் கேள்வி இரண்டு மடங்கு. 'இதால என்ன பிரயோஜனம்?' என்று பள்ளிக்கூடத்திலும் கேட்டுவிட்டார்கள். ஒரு பிரயோஜனமும் இல்லை, போங்கள்! லீவு நாளில் என்னால்கூடத்தான் யாருக்கும் பிரயோஜனமில்லை. அதற்காக என்னைக் குழம்பு வைத்துவிடுவார்களா?

ஞாயிற்றுக்கிழமை திருப்புலி நாட்டுப் பக்கம் வீடு பார்க்கப் போனோம். வீட்டுக்கார அம்மா மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டே கேட்டார்.

"எத்தன பேரு கண்ணு குடியிருக்கப் போறீங்க?"

கணவர் "ரெண்டு" என்று வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"மூணு பேருங்கம்மா. அந்த மூணாவது ஆளுக்கு இடமிருந்தாத்தான் நாங்க ரெண்டு பேரும் வருவோம்."